நவோனா சதுக்கத்தில் அம்மாவைத் தேடியது

ரோமாபுரியில் நவோனா என்றொரு சதுக்கம் இருக்கிறது. பெயருக்குத்தான் சதுக்கம். பழைய காலத்து ஓட்டப்பந்தய மைதானத்தின் மேல் எழுந்த இடமாம், அதனால் வெள்ளரிக்காய் மாதிரி நீளமாகக் கிடக்கும். நடுவில் ஒன்று, இரண்டு முனையிலும் ஒவ்வொன்று என்று மூன்று நீரூற்றுகள். ஒரு பக்கம் குவிமாடமும் இரண்டு மணிக்கூண்டும் வைத்த பெரிய கோயில். எதிர்வரிசையின் கோடியில் அடக்கமாக இன்னொரு கோயில். நான் தூத்துக்குடி வேதக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். சர்ச் என்று எங்கள் வாயில் வராது, எங்களுக்கு அது கோயில்தான்.

இவ்வளவு சொல்கிறேனே தவிர, நான் ரோமாபுரிக்குப் போனதே இல்லை. நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, மூன்று வாரம் அந்தச் சதுக்கத்தை லேப்டாப்பில் பார்த்தேன். அங்கே ஏதோ ஒரு மாடியில் ஒரு காமிரா வைத்து இருபத்துநாலு மணி நேரமும் நேரலையாகக் காட்டுகிறார்கள். பார்க்கிறவர்கள் ரசிக்கிறார்களாம், பக்கத்தில் இதயம் இதயமாக ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு அதைத் திறந்தாலே எரிச்சல்தான் வரும்.

காரணம் அம்மா.

அம்மா தூத்துக்குடியில் அண்ணனோடும் மைனியோடும் இருக்கிறாள். நான் அவளை நேரில் பார்த்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. எங்கள் பாஸ்போர்ட்டில் குத்திய விசா எப்போதோ முடிந்துபோனது. வேலையில் இருக்கும்வரை இங்கே இருக்கலாம், தப்பில்லை. ஆனால் வெளியே போனால் திரும்பி வரத் தூதரகத்தில் புதிதாக விசா ஸ்டாம்பிங் வாங்கவேண்டும், அதற்குத் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்பா காரியத்துக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார். மாதக்கணக்கில் காத்திருந்தார். வேலை போயிற்று, வீட்டைக் காலி செய்யக்கூட அவரால் வர முடியவில்லை, மனைவி தனியாகச் செய்தாள். அதைக் கண்ணால் பார்த்தபிறகு யாருக்கு ஊருக்குக் கிளம்பத் துணிவு வரும்?

சரி, நான்தான் போக முடியாது, நீ வாம்மா என்று கூப்பிட்டேன். அவளிடம் பத்து வருஷ விசிட்டர் விசா இருக்கிறது, ஒருமுறை வந்தும் போயிருக்கிறாள். இரண்டு வருஷமாகக் கெஞ்சினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. குளிர் ஒத்துக்கொள்ளாது என்றாள். கோடையில் வா என்றால், அண்ணன் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்றாள். போன வருஷம், "அம்புட்டு நேரம் ப்ளைட்ல இருக்க முடியாதுட்டி" என்று ஒரேயடியாக முடித்துவிட்டாள்.

எனக்குச் சந்தேகம் தட்டியது அதற்குப் பிறகுதான். வீடியோ காலில் அம்மா எப்போதும் உட்கார்ந்திருப்பாள். பாதி நெற்றி, பின்னால் மின்விசிறி, இவ்வளவுதான் தெரியும். வாசலில் மணி அடித்தால் முதலில் எழுந்து ஓடுகிறவள் அவள். இப்போது இருந்த இடத்தில் இருந்துகொண்டே "யாருன்னு பாரு" என்று மைனியைக் கூப்பிடுகிறாள். முப்பது வருஷம் ஒருநாள் விடாமல் காலைப் பூசைக்கு நடந்து போனவள், "டிவியில பூசை பாத்தேன்" என்கிறாள். அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று அண்ணனிடம் கேட்டால், "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்று பூசி மெழுகுவான். ஏதோ மறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவள் காதில் பூச்சுற்றுவது எவ்வளவு சுலபம்! எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அம்மா நடக்கிறாளா இல்லையா என்று என் கண்ணால் பார்க்கவேண்டும்.

இப்படி இருக்கும்போது பிப்ரவரியில் அண்ணன் குடும்பக் குரூப்பில் ஒரு பிடிஎஃப் போட்டான். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கு எங்கள் கோயில் பங்கிலிருந்து நாற்பது பேர் ரோமாபுரிக்குத் திருயாத்திரை போகிறார்களாம். பட்டியலில் அம்மா பெயர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளைப் பார்க்க ப்ளைட்டில் உட்கார முடியாதாம், ரோமாபுரிக்கு மட்டும் முடியுமாம்! போன் போட்டுக் கத்தினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேர்ச்சைட்டி, போயித்தான் ஆகணும்" என்றாள். என்ன நேர்ச்சை என்றேன். சாப்ட்டியா என்று பேச்சை மாற்றினாள்.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் கோபத்தோடே அந்தப் பிடிஎஃபை வரி வரியாகப் படித்தேன். அதில்தான் இருந்தது: வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி, நவோனா சதுக்கம், நீரூற்றுகள், கோயில் தரிசனம். அந்த இடத்தை இணையத்தில் தேடியபோது முதலில் வந்து நின்றது அந்த நேரலைக் காமிரா.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள், பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொள்வாள். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் சென்னைக்காரர், எதையும் ஆற அமரக் கேட்பார். "இது ஸ்பை வேலைடி" என்றார். ஆமாம் என்றேன்.

அன்றே நேரம் கணக்குப் போட்டேன். எங்களைப் போன்றவர்களுக்கு உலகத்தில் எந்த ஊர் மணி வேண்டுமானாலும் அது இந்தியா வழியாகத்தான் வரும். ரோமில் நாலு என்றால் ஊரில் எட்டரை, ஊரில் எட்டரை என்றால் பத்தரையைக் கழி, நமக்குக் காலை பத்து. தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எனக்கு ஆபீஸில் டெமோ இருந்தது. பத்திலிருந்து பதினொன்றுவரை அம்மா, அப்புறம் டெமோ. கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்கே என் கெட்டிக்காரத்தனம் பிடித்துப்போனது.

மூன்று வாரம் ஒத்திகை பார்த்தேன். எந்தப் பக்கமிருந்து டூர் கூட்டம் வருகிறது, எங்கே நின்று போட்டோ எடுக்கிறது என்பதெல்லாம் அத்துப்படியானது. காமிராவில் நன்றாகத் தெரிவது நடு நீரூற்றும் அதன் எதிரே உள்ள பெரிய கோயிலும்தான். நீரூற்றின் நடுவே ஒரு பாறை, பாறைமேல் ஊசி மாதிரி ஒரு கல்தூண், சுற்றிலும் நான்கு ஆறுகள் ஆளுக்கொரு திசையில் மனிதர்களாகச் சாய்ந்துகிடக்கின்றன. நான்கில் ஒன்று கங்கையாம். படித்தபோது நம்பவில்லை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாடியும் மார்புமாக ஒரு ஆண்பிள்ளை, கையில் துடுப்பு. கங்கையை ஆணாக்கியது யார் என்று சண்டைபோட அங்கே யாருமில்லை. அதுகூடப் பரவாயில்லை. யாரிடமும் விசா கேட்காமல் கங்கை ரோமாபுரிக்குப் போய் முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஜம்மென்று சாய்ந்துகொண்டிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மார்ச் மாதம், வெளியே பழைய பனி அழுக்காகக் குவிந்துகிடந்தது. வீட்டிலிருந்துதான் வேலை. ஒரு திரையில் ஆபீஸ், இன்னொன்றில் நவோனா. பத்துக்குப் பத்து நிமிஷம் முன்பே உட்கார்ந்துவிட்டேன்.

பத்து ஆனது. பத்தேகால் ஆனது. பலூன் விற்கிற ஒருவன், படம் வரைகிற இரண்டு பேர், நாயோடு ஒரு பெண், அவ்வளவுதான். நம் ஆட்கள் நேரத்துக்கு வருவார்களா என்று முதலில் அலட்சியமாக இருந்தேன். பத்தரைக்கு அந்த அலட்சியம் போய்விட்டது. கொரியாக்காரர்கள் ஒரு கூட்டம் வந்தது, கங்கைக்கு முன்னால் நின்று சிரித்தது, போனது. பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். பத்து நாற்பதுக்கு, டூர் நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் கண்மண் தெரியாத கோபம். மதியச் சாப்பாட்டில் நேரத்தைக் கடத்தியிருப்பார்கள், ஜெபமாலை கடையில் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள், இந்தச் சதுக்கத்தையே வெட்டிவிட்டு நேரே ஓட்டலுக்குப் போயிருப்பார்கள். மூன்று வாரத் தவம்! மேஜையைத் தட்டியதில் தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மேலே வந்தார். ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாள் அவர் கையில் இருந்தது.

"இது எப்ப எழுதின?"

"பிப்ரவரில. ஏன்?"

"அங்க மணி இன்னும் நாலே ஆகல. மூணே முக்கால்தான். போன ஞாயித்துக்கிழமை நாமதான் க்ளாக் மாத்தினோம், அவங்க இந்த மாசக் கடைசிலதான் மாத்துவாங்க."

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். கடிகாரம் மாறிய அன்றே ஊருக்கான பத்தரையை ஒன்பதரையாக்கத் தெரிந்தது எனக்கு, அது பழக்கம், தூக்கத்தில்கூட வரும். ரோமுக்கு மாற்றத் தோன்றவில்லை. எனக்கு உலகத்தில் இருப்பது இரண்டே மணி, இங்கே ஒன்று, அம்மா இருக்கும் இடத்தில் ஒன்று. மூன்றாவது ஊர் ஒன்று இருக்கிறது, அது தன் இஷ்டத்துக்குக் கடிகாரம் மாற்றும் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

"தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லவேண்டியதுதானே!" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"நீ எங்க கேட்ட? எழுதி ஒட்டிட்ட."

நாலு மணி என்றால் எனக்குப் பதினொன்று. பதினொன்றுக்கு டெமோ. மூன்று மாதமாக எங்கள் டீம் செய்ததைக் கிளையண்டுக்குக் காட்டவேண்டும், காட்டவேண்டியவள் நான். அந்தக் குளிர்காலத்தில் ஏற்கெனவே இரண்டு பேரை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தலைவலி, ஜுரம் என்று சொல்லித் தப்பிக்கிற காலம் இல்லை.

"நீ டெமோ பண்ணு, நான் பாத்துச் சொல்றேன்" என்றார்.

"உங்களுக்கு அம்மா நடை தெரியாது."

அது தெரிந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். அம்மா பள்ளிக்கூட டீச்சர். பஸ்ஸைத் தவறவிடப் போகிறவள் மாதிரிதான் எங்கேயும் நடப்பாள். கைப்பையை வலது கக்கத்தில் இடுக்கி, இடது கையை வீசி வீசி நடக்கும்போது அண்ணனும் நானும் பின்னால் ஓடுவோம். அவளோடு கடைக்குப் போய்வந்தால் எங்களுக்கு மூச்சு இரைக்கும். கூட்டத்தில் முகம் தெரியாவிட்டாலும் அந்த வீச்சை வைத்து, இதோ அம்மா என்று காட்டிவிடலாம்.

பதினொரு மணிக்கு மீட்டிங் தொடங்கியது. ஆபீஸ் திரையைப் பகிர்ந்தேன், நவோனாவைப் பக்கத்துத் திரையில் வைத்துக்கொண்டேன். வாய் இங்கே, கண் அங்கே. பதினொன்று ஏழுக்கு, படத்தின் இடது ஓரத்திலிருந்து மஞ்சள் தொப்பிகள் வந்தன. முன்னால் குச்சியில் கொடி கட்டிய ஒருவர், பின்னால் புடவைமேல் ஸ்வெட்டர் போட்ட பெண்கள், குரங்குக்குல்லாமேல் மஞ்சள் தொப்பி வைத்த ஆண்கள். நம் ஆட்கள்தான், சந்தேகமே இல்லை.

முதல் திரையில் எதை அழுத்தினால் என்ன வரும் என்று கிளையண்டுக்கு விளக்கிக்கொண்டே ஒவ்வொரு தொப்பியாகத் தேடினேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஆட்கள் கட்டைவிரல் அளவுதான். நீரூற்றைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். ஒருத்தி கைவீசி விறுவிறுவென்று நடந்தாள், இதோ அம்மா என்று திரைப் பக்கம் குனிந்தேன். அவள் திரும்பினாள், அம்மாவைவிட ஒல்லி. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். அந்த நடை யாரிடமும் இல்லை. அம்மா வரவேயில்லை, ஓட்டலில் படுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

கூட்டம் கோயில் பக்கம் நகர்ந்த பிறகு, ஓரத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி கத்தரிப்பூ நிறக் கோட்டுப் போட்டிருந்தாள். டிசம்பரில் ஊருக்குப் போன தோழியிடம் நான் கொடுத்தனுப்பிய கோட்டு. கையில் நாலு கால் வாக்கர். அதைத் தூக்கி முன்னால் வைத்தாள். நின்றாள். ஒரு காலை இழுத்து வைத்தாள். அடுத்த காலை. மறுபடி வாக்கரைத் தூக்கினாள். தரையெல்லாம் கருங்கல் பாவியது, வாக்கர் கால் ஒன்று இடுக்கில் சிக்கியது, கூட வந்தவள் குனிந்து எடுத்துவிட்டாள்.

நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். குரல்கூட நடுங்கவில்லை, அதை நினைத்தால் இப்போதும் எனக்கே என்மேல் வெறுப்பு வருகிறது. முந்தைய ஸ்க்ரீனை இன்னொருமுறை காட்ட முடியுமா என்று ஒருவர் கேட்டார், காட்டினேன். நாம் எட்டி நாலு எட்டில் கடக்கிற தூரத்தை அம்மா கடந்து முடிக்கக் கிளையண்டின் மூன்று கேள்விகள் ஆயின.

கோயிலுக்குப் படிகள் உண்டு. மஞ்சள் தொப்பிகள் ஏறி உள்ளே போய்விட்டன. அம்மா கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள். கூட வந்தவளையும் போ போ என்று கையசைத்து மேலே அனுப்பினாள். பிறகு தனியாக, முதல் படியில் ஒரு காலை வைத்தாள். ஏறப்போகிறாள் என்று நினைத்தேன். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். புடவை முந்தானையை இழுத்துத் தொப்பிமேல் முக்காடு போட்டுக்கொண்டு, அந்தப் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றாள்.

கூட வந்தவள் சீக்கிரமே வெளியே வந்தாள், வலது கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. வாசல் தொட்டியில் தீர்த்தம் தொட்டிருக்கிறாள். எங்கள் ஊரில் கோயிலுக்குள் வரமுடியாத நோயாளிகளுக்கு அப்படித்தான் செய்வார்கள், நனைந்த விரலைக் காயவிடாமல் கொண்டுவருவார்கள். அம்மா தன் விரலை நீட்டி அந்த விரலைத் தொட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

டெமோ முடிந்தது. நன்றாகச் செய்தாய் என்று மேனேஜர் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடி, அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அவன் மறுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாத்ரூமில் விழுந்தாளாம். இடுப்பெலும்பு. ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அம்மா போன் ரிப்பேர் என்று இரண்டு வாரம் என்னை ஏமாற்றியது அப்போதுதான். பிழைத்து எழுந்தால் ரோமாபுரிக்கு வருவதாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் நேர்ந்துகொண்டாளாம்.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல? நான் மனுஷியா இல்லையா உங்களுக்கு?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப?"

"அடுத்த ப்ளைட்ல வந்திருப்பேன்!"

"அதான் சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டா. நீ ஓடி வந்து இங்கன மாட்டிக்கிடுவ, வேலையும் போயிரும்னு. அவ அமெரிக்காவுக்கு வந்தாலும் நீ பாத்துருவ, பாத்தா அவள விடமாட்டன்னுதான் சாக்குச் சொல்லிட்டுக் கெடந்தா."

அவனை என்னவெல்லாமோ திட்டினேன். அவன் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது இன்னும் கோபமாக இருந்தது.

மூன்று மணிக்கு, அவளுக்கு இரவுச் சாப்பாடு முடிந்த நேரம், அம்மா ஓட்டலிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். பாதி நெற்றி, பின்னால் ஓட்டல் அறையின் கூரை.

"எட்டி, சாப்ட்டியா? இன்னைக்கு ஒரு கோயிலுக்குப் போனோம்லா, உள்ள எம்புட்டு அழகு தெரியுமா! முழுக்கப் பளிங்கு. அண்ணாந்து பாத்தா கண்ணு கூசுது. எதுத்தாப்ல நம்ம கங்கைய வேற சிலையா வச்சிருக்கான். ரோமாபுரி பூரா நடந்தேன்."

"நீ உள்ள போகலம்மா."

"அண்ணன் சொல்லிட்டானா?"

"நான் பாத்தேன். அங்க காமிரா இருக்கு. நீ வந்ததிலிருந்து கடைசிவரைக்கும் பாத்தேன்."

அம்மாவின் கை தானாக மேலே போய்த் தலைமயிரை ஒதுக்கியது. "கோட்டு நல்லாருந்ததா?" என்றாள்.

அவள் போனை மெதுவாகக் கீழே இறக்கினாள். கட்டில் ஓரத்தில் தொங்கிக்கொண்டு இரண்டு கால்கள், சாக்ஸுக்கு மேல் வீங்கியிருந்தன. பக்கத்தில் வாக்கர். இத்தனை நாளாக நான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தது அதைத்தான். முழுசாகக் காட்டிவிட்டு, மறுபடி முகத்துக்குக் கொண்டுவந்தாள்.

"பாத்துட்டல்லா? இம்புட்டுத்தான். இதுக்காக அங்கன எல்லாத்தயும் போட்டது போட்டபடி போட்டுட்டுக் கெளம்பி வந்துராத, என்னட்டி? நான் மெதுவா நடந்துக்கிடுவேன்."

மூன்று மணி நேரத்துக்கு முன்னால்தான் அடுத்த ப்ளைட் என்று கத்தியிருந்தேன். இப்போது மறைக்க யாரிடமும் எதுவும் இல்லை. பாஸ்போர்ட் மேஜை டிராயரில், கையெட்டும் தூரத்தில். ஆபீஸ் திரையில், டெமோவில் கேட்ட மாற்றங்களைத் திங்கட்கிழமைக்குள் முடிக்கச் சொல்லி மெயில் வந்திருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரிம்மா" என்றேன்.